இரண்டாவது பொத்தான்

"போதும், எழுந்திரிங்க. சட்டை தேய்ச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

கூடத்துக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். கால் இரண்டும் சேர்ந்திருக்க, கைகள் பக்கவாட்டில் நீண்டிருக்க, தாடை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. படத்தில் படுத்திருந்த அதே படுக்கை. படம் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் மனுஷருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பிணமாகிவிடுவார். ஒரு தடவை சிலிண்டர் கொண்டுவந்த ஆள், சிலிண்டரை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். அன்று முழுவதும் இவர் சிரித்துச் சிரித்து, இருமி இருமி, கடைசியில் மருந்து உறிஞ்சும் குழாயைத் தேட வேண்டியதாயிற்று.

"நகம் வெட்டினீங்களா இல்லையா? செருப்பு போட்டுக்கிட்டு அத்தனை பேர் முன்னாடி எழுந்து நிக்கப் போறீங்க. காலைப் பார்த்தா காட்டுல இருந்து பிடிச்சிட்டு வந்தாங்கன்னு நினைப்பாங்க."

பதில் இல்லை. அவள் நீலச் சட்டையை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, கழுத்துப் பட்டியை நீவினாள். நேற்றே தேய்க்கச் சொல்லியிருந்தார். படத்தில் போட்டிருந்த சட்டை அது. இன்றைக்கும் அதையே போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சின்னவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசையிலிருந்து பிணம் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட வேண்டும். அப்பாவும் மகளும் சேர்ந்து போட்ட திட்டம். அந்தக் கும்பிடையும் மனுஷர் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தார்.

அவள் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தாள். நகவெட்டி அவருடைய உள்ளங்கையில் திறந்தபடி கிடந்தது. ஒரு விரல் நகத்தைக்கூட வெட்டியிருக்கவில்லை.

"சரி, உங்களுக்கு அதுதான் மருந்து" என்று அவர் காதருகே குனிந்து, தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த அந்த வார்த்தையைச் சொன்னாள். "நகம் வெட்டுங்கன்னு சொன்னேனா இல்லையா? இப்பப் பாருங்க, படம் முழுக்க உங்க நகம்தான் கதாநாயகன்."

சொல்லிவிட்டு அவர் நெஞ்சைப் பார்த்தாள். பனியன் அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அதற்கப்புறம்தான் அவர் பாதத்தைத் தொட்டாள்.

எவ்வளவு நேரமாகத் தான் ஒரு பிணத்தோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கழுத்துப் பட்டி தேய்க்கும்போதா, கை தேய்க்கும்போதா? இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாகவே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள், மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

பெரியவனுக்குப் போன் போட்டாள். "டேய், உடனே வா. வர்ற வழியில டாக்டரைக் கூட்டிட்டு வா. அப்பா எழுந்திரிக்க மாட்டேங்கறார்." அவன் என்ன, ஏது என்று கத்தத் தொடங்கியதும், "தங்கச்சிக்கு மட்டும் போன் பண்ணாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதை ஏன் சொன்னோம் என்று அப்போது அவளுக்கே புரியவில்லை.

சின்னவள் விடியும் முன்பே தியேட்டருக்குப் போயிருந்தாள். மண்டலத் திரைப்பட விழாவில், புதுமையான முழுநீளப் படங்களுக்கென்று ஒரு போட்டி. அதில் இவள் படம் இன்று மதியம் மூன்று மணிக்கு. நாலு வருஷமாக வேலை, கல்யாணம், தூக்கம் எல்லாவற்றையும் ஒத்திப்போட்டு எடுத்த படம்.

"புதுமைன்னா என்னடி?" என்று அவள் அப்போது மகளைக் கேட்டிருக்கிறாள். "பாட்டு இல்ல, சண்டை இல்ல. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கதாநாயகன் செத்துட்டான். இதுக்கு ஒரு பேரா?"

"ஆமாம்மா, அதான் புதுமை."

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக் கூடம், கட்டிலில் ஒரு பிணம், வந்து போகிறவர்கள். கேமராவைக் கட்டிலின் கால்மாட்டில் தரையோடு தரையாக வைத்து, முதலிலிருந்து கடைசி வரை எங்கும் வெட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். யாராவது ஒருவர் ஓர் இடத்தில் தடுமாறினாலும் திரும்பவும் முதலிலிருந்து. நடித்ததெல்லாம் தெருக்காரர்கள். பிணமாக அப்பா. 'டிரைவர்' என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டிய மனுஷர், அசையாமல் உட்காரப் பழகியவர். ஆனால் மூச்சிரைப்பு உண்டு. பிணத்தின் மனைவியாக அவளே.

நாள்கணக்கில் முயன்று, ஒரே ஒரு ஓட்டம்தான் முழுதாகக் கூடிவந்தது. தேநீர் கொடுக்கிறவர் சிந்தவில்லை, சண்டை போடுகிறவர் வசனத்தை மறக்கவில்லை. கடைசிப் பகுதியில் மனைவி வந்து போர்வையைச் சரிசெய்து, புருஷன் மேல் விழுந்து அழ வேண்டும். அவள் வந்தாள். அழுகை வரவில்லை. கேமராவுக்கு முன்னால் அந்த நகங்கள் பத்தும் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அவர் காதில் குனிந்து மேற்படி வார்த்தையைச் சொல்லிவிட்டாள். ஒலிவாங்கியில் அது விழவில்லை. ஆனால் பிணத்தின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. சட்டையின் இரண்டாவது பொத்தான் மேலே வந்து கீழே போயிற்று.

"எல்லாம் கூடிவந்து, அந்த ரெண்டாவது பொத்தான் கெடுத்துடுச்சே!" என்று சின்னவள் அன்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஏன் மூச்சு விட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர், "இரைப்பும்மா, அடக்க முடியல" என்றார். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

போன் அடித்தது. சின்னவள்.

அவள் எடுத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா! ஒரு நல்ல விஷயம்" என்று அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "அந்த மூச்சு இருக்குல்ல, அதை எடுத்தாச்சு. எடிட்டர் உக்காந்து, அந்த இடத்துல மட்டும் அப்பாவோட நெஞ்சை அசையாம ஒட்டு போட்டுட்டார். கண்டுபிடிக்கவே முடியாது. புதுப் பிரதி இப்பத்தான் கைக்கு வந்துச்சு. அப்பாகிட்டச் சொல்லு, இனி நீங்க சுத்தமான பொணம்னு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குது."

"சந்தோஷமா ஒண்ணும் காணோமே."

"அதை எடுக்காதே."

"எதை?"

"அந்த மூச்சை. அது இருக்கட்டும்."

"விளையாடாதேம்மா. பொணம் மூச்சு விட்டா எப்படி? அழற காட்சிம்மா அது. அந்த இடத்துல அத்தனை பேரும் சிரிப்பாங்க. முன்னாடி நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினப்போ சிரிச்சாங்கல்ல? நடுவர்கள் உக்காந்திருப்பாங்க. என் மானம் போயிடும்."

"சிரிக்கட்டும்."

"உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

என்ன ஆயிற்று என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். சொன்னால் மகள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். படம் முடிந்ததும் இயக்குநர் மேடையேறி, நடுவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் படம் போட்டியில் இல்லை. இதைச் சின்னவள் ஒரு மாதமாக வீட்டில் ஓதிக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டாலோ, படம் ஓடும். ஆனால் ஒட்டுப் போட்ட நெஞ்சோடு ஓடும்.

"அவரு மூச்சு விடலடி" என்றாள். "சிரிச்சார்."

"என்னது?"

"நான்தான் சிரிக்க வெச்சேன். அவர் காதுல ஒண்ணு சொன்னேன். நகம் வெட்டலைன்னு திட்டினேன். இப்ப படம் முழுக்க உங்க நகம்தான் கதாநாயகன்னு சொன்னேன். அதுக்குத்தான் மனுஷன் அடக்க முடியாம..."

அந்தப் பக்கம், பின்னால் யாரோ நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்டது.

"இத்தனை நாளா ரெண்டு பேரும் சொல்லவே இல்ல" என்றாள் சின்னவள். குரல் மாறியிருந்தது. கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. "அப்பாகிட்டக் குடு. நல்லாக் கேக்கறேன்."

"குளிக்கிறார்."

"வர்றாருல்ல? படம் முடிஞ்சதும் எழுந்து நிப்பாருல்ல?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். தாடை லேசாகத் திறந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. ஒரு கையால் அதை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போய் வேலையைப் பாரு. அதை மட்டும் எடுத்துடாதே. கெஞ்சிக் கேக்கறேன்டி."

"ரெண்டு பிரதியும் இங்கதான் இருக்கு. எதைப் போடறதுன்னு ஆபரேட்டருக்கு இப்பச் சொல்லணும்... என்னை ஏம்மா குழப்புற?" என்றாள் மகள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இணைப்பு போய்விட்டது.

பெரியவன் டாக்டரோடு வந்தான். அவர் வந்த வேலையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். பெரியவன் குழந்தைபோல அழுதான். அழுதுகொண்டே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கு?"

"அவளுக்குத்தான். வேற யாருக்கு?"

"மூணு மணிக்குப் படம். முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

"அம்மா, உனக்கு மூளை குழம்பிப் போச்சா? அப்பா செத்துக் கிடக்கிறார். அவ அங்க மேடையில நின்னு சிரிச்சுப் பேசிட்டு வரணுமா? நாளைக்கு உன்னை எப்படிப் பார்ப்பா அவ?"

"திட்டட்டும். ஆயுசுக்கும் திட்டட்டும், நான் வாங்கிக்கறேன். இந்த மனுஷன் அவ படத்துக்காக இப்படியே எத்தனை நாள் கிடந்தார்? இன்னும் ஒரு மத்தியானம் கிடக்க மாட்டாரா?"

அவன் போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். டாக்டர் தன் பையை மூடுவதில் மும்முரமாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாடிக்காரம்மாள் படியிறங்கி வந்தாள். நடித்தவர்களையெல்லாம் தியேட்டருக்குக் கூட்டிப்போக ஒரு வேன் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. முகம் நிறையப் பவுடர், தலையில் புதுக் கிளிப். படத்தில் அழுகிற பக்கத்து வீட்டுக்காரி இவள்தான். போட்டுப் பார்த்தவர்களெல்லாம் இவள் அழுகையைத்தான் புகழ்ந்தார்கள்.

"நீங்க இன்னும் கிளம்பலையா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். "அட, டிரைவர் சார் மறுபடியும் செத்துட்டாரா!"

யாரும் சிரிக்கவில்லை. மாடிக்காரம்மாள் கால்மாட்டில் கேமராவைத் தேடினாள். டாக்டரைப் பார்த்தாள், பெரியவனின் கண்களைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தத் தடவை நிஜம்" என்றாள் அவள்.

மாடிக்காரம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படத்தில் ராகம்போல ஏறி இறங்கிய அழுகை இல்லை அது. விக்கலும் மூக்குறிஞ்சலுமாக என்னென்னவோ சத்தம். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் போனில் தெருக்காரர்களின் குழுவைத் திறந்துவிட்டாள். பழக்க தோஷம்தான். இவள் பாய்ந்து அந்தப் போனைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தெருவுக்குத் தெரிஞ்சா வேனுக்குத் தெரியும். வேனுக்குத் தெரிஞ்சா எம் பொண்ணுக்குத் தெரியும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். முகத்தைக் கழுவிக்கிட்டு வேன்ல ஏறுங்க. டிரைவருக்குக் கொஞ்சம் முடியல, பின்னாடியே வர்றாங்கன்னு சொல்லுங்க."

"என்னால முடியாதுக்கா. என் மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

"ஏன் முடியாது? நடிக்கத் தெரியும்ல உங்களுக்கு? வராத அழுகையை அன்னைக்கு வரவெச்சீங்களே, வர்ற அழுகையை இன்னைக்கு நிறுத்த முடியாதா?"

மாடிக்காரம்மாள் குளியலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெளியே வந்து, பவுடர் போன முகத்தோடு வாசலில் ஒரு நொடி நின்று சிரித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு வேனை நோக்கி நடந்தாள்.

பெரியவனும் அவளும் சேர்ந்து அவருக்கு நீலச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். கை நுழைக்கத்தான் கஷ்டமாக இருந்தது. பொத்தான்களை அவளே போட்டாள். இரண்டாவது பொத்தான் கொஞ்சம் தளர்ந்திருந்தது. தைத்துக் கொடுத்திருக்கலாம், நேற்றே கண்ணில் பட்டதுதான். பிறகு பெரியவனைக் காரில் தியேட்டருக்கு அனுப்பினாள்.

"உள்ளே போகாதே. வெளியில நில்லு. மேடையை விட்டு இறங்கி அவ வெளியில வந்தப்புறம் சொல்லு. நடுவுல சொன்னேன்னா பாரு."

"அவளே கண்டுபிடிச்சிட்டா?"

"அப்ப நீ என்ன பண்ண முடியும்? ஒண்ணும் பண்ண முடியாது. போ."

வீட்டில் அவளும் அவரும் மட்டும். கதவைச் சாத்தினாள். தாழ் போட்டுவிட்டுத் திரும்பவும் போய் இழுத்துப் பார்த்தாள். மாடிக்காரம்மாளின் போன் அலமாரியில் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேனில் யாராவது துருவிக் கேட்டிருப்பார்களோ? டாக்டர் தன் கிளினிக்கில் சொல்லியிருப்பாரோ? குளிக்கப் போன மனுஷர் இன்னுமா வரவில்லை என்று சின்னவள் கேட்டால் பெரியவன் முகம் எப்படிப் போகும்? பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அது.

தான் செய்வது சரிதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மகளிடமிருந்து அவள் அப்பனை ஒரு மத்தியானத்துக்குத் திருடிவிட்டோம், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

உட்கார முடியவில்லை. நகவெட்டியை எடுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் தரையில் அமர்ந்தாள். கேமராவின் கால்கள் நின்ற இடத்தில் அப்போது ஒட்டிய பட்டைகளின் பிசின் இன்னும் போகவில்லை. எத்தனை தேய்த்தும் அழுக்காக ஒட்டிக்கொண்டே இருந்தது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நகம் வெட்டினாள். வலது பாதத்தின் கட்டைவிரல் நகம் தடிமன், எப்போதுமே படியாது. "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்ததும், அப்போதுதான், முதன்முதலாக அழுகை வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். தெருவுக்குக் கேட்கக் கூடாதே.

கடிகாரம் மூன்றைத் தாண்டியது. படத்தில் யார் எப்போது உள்ளே வருவார் என்பது அவளுக்கு மனப்பாடம். இப்போது மாடிக்காரம்மாள் வந்திருப்பாள். இப்போது சண்டை. இப்போது தேநீர். வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலின் கால்வரை வந்திருந்தது; படத்திலும் அது அப்படித்தான் வரும். இப்போது நான் வந்திருப்பேன். போர்வையை இழுத்திருப்பேன். குனிந்திருப்பேன்.

அவள் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைப் பார்த்தாள். அங்கே, அந்த இருட்டில், அத்தனை பேருக்கு முன்னால் இவர் சிரித்தாரா, அல்லது ஒட்டுப் போட்ட நெஞ்சோடு சும்மா கிடந்தாரா? தெரிந்துகொள்ள வழியில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கவும் மனம் வரவில்லை.

கார் வந்து நின்றபோது ஜன்னலில் வெயில் போய்விட்டிருந்தது. அவள் தாழைத் திறந்தாள்.

சின்னவள் வாசலில் நின்றாள். கழுத்தில் விழா அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கண்கள் வீங்கியிருந்தன, பெரியவன் சொல்லிவிட்டான். அவனுக்குப் பின்னால் மாடிக்காரம்மாள், இப்போது அடக்க வேண்டியதில்லை என்பதால் வாய்விட்டு அழுதுகொண்டு வந்தாள். "பரிசு நாளைக்குத்தான் சொல்வாங்களாம்" என்று பெரியவன் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். யாரும் அதைக் கேட்கவில்லை.

மகள் திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். ஏன் மறைத்தாய் என்று கேட்பாள், கேட்கத்தானே வேண்டும். சின்னவளோ கட்டிலையும் நீலச் சட்டையையும் வெட்டிய நகங்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டாள்.

சின்னவள் கழுத்திலிருந்த விழா அட்டையைக் கழற்றினாள்.

"சிரிச்சாங்கம்மா. எல்லாருமே சிரிச்சாங்க."

அவள் திரும்பப் போய்த் தரையில் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள். மகள் கால்மாட்டில், அந்தப் பிசின் தடங்களின் மேல், அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். செய்தி தெருவுக்குப் போய்விட்டிருந்தது. வாசலில் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.